அழையாமை மடல்

சுவிஸில் தமிழருக்குச் சங்கம் போதாது என்று எவரும் குறை சொல்ல முடியாது. ஊர்ச் சங்கம் உண்டு. பழைய மாணவர் சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களின் சங்கமும் உண்டு. இத்தனை இருந்தும், எவரையும் பின்பற்றாதவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லாத குறை நெடுநாளாக இருந்து வந்தது. அதை லுசேர்ண் குலேந்திரன் தீர்த்து வைத்தார்.

குலேந்திரன் ஒரு துப்புரவுக் கொம்பனியில் மேற்பார்வையாளர். ஒருநாள் ஃப்ரிபூர்க்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், மழைக்கு ஒதுங்குவதற்காகப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைந்து, அங்கே நடந்துகொண்டிருந்த ஒரு பொது விரிவுரையில் உட்கார்ந்துவிட்டார். கிட்டத்தட்ட இருநூறு வருஷங்களுக்கு முன்னர் அமெரிக்காவில் இருந்த ஆழ்நிலைவாதிகள் என்ற சிலரைப் பற்றிய பேச்சு அது. மனிதன் தன் மனத்தை நம்பவேண்டும், ஊர் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் ஆடக்கூடாது, காட்டுக்குள் போய்த் தனியே நின்றால் உள்ளுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும் என்பவை அவர்களுடைய கொள்கைகளாம். ஃப்ரிபூர்க் இரண்டு மொழி பேசும் நகரம் என்பதால் விரிவுரையின் முதற்பாதி ஜேர்மனிலும் மறுபாதி பிரெஞ்சிலும் நடந்தது. குலேந்திரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இதற்கெல்லாம் சங்கம் வைக்கக்கூடாது என்று மறுபாதியில் சொல்லியிருந்தால் அது அவருடைய பிழையல்ல.

அடுத்த மாதமே ‘சுவிஸ் தமிழர் தனித்துவப் பேரவை’ மங்கள விளக்கேற்றி ஆரம்பிக்கப்பட்டது. பேரவையின் முதலாவது விதி, அங்கத்தவர் எவரும் எவரையும் பின்பற்றலாகாது என்றது. எவ்வாறு பின்பற்றாமல் இருப்பது என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கும் என்றது இரண்டாவது விதி. எல்லாருக்கும் சாம்பல் நிறத்தில் ரீசேர்ட் அடித்தார்கள். அதன் நெஞ்சுப் பக்கத்தில் ‘நான் நானே’ என்று எழுதியிருந்தது. அதைப் போடாமல் வந்தவர்களைக் கடைசி வரிசையில் இருத்தினார்கள்.

இந்தப் பேரவைக்குள் தவச்செல்வன் போய் மாட்டிக்கொண்டது மகளின் கலியாணத்தால்.

தவச்செல்வன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் உதவிச் சமையற்காரர். யாருடனும் சண்டை பிடித்தறியாத மனிதர். கூட்டங்களில் எல்லாரும் கை தட்டும்போது தட்டி, நிறுத்தும்போது நிறுத்துவார். அவருடைய ஒரே மகள் சிவானுஜா மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். லோசான் ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக வேலை செய்யும் சாயிசனை விரும்பினாள். இரண்டு வீட்டிலும் மறுப்பு இல்லை. கலியாணப் பேச்சு எடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவானுஜா சொன்னாள்:

“அப்பா, எங்களுக்குப் பதிவு மட்டும் போதும். ரெண்டு வீட்டு ஆக்களும் சாட்சிக்கு ரெண்டு சிநேகிதரும். எல்லாமாப் பத்துப் பேர். பிறகு ஒரு இடத்தில இருந்து ஆறுதலாச் சாப்பிடுவம்.”

தாய் பரமேஸ்வரி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார். “பத்துப் பேரோ? நீ பெரிய பிள்ளையாகின சாமத்திய வீட்டுக்கே நானூறு பேர் வந்தவை. அவையளுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?”

தவச்செல்வனுக்கோ உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். அவர் போன கலியாணங்களில் எல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் பெண்ணைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் நின்று கும்பிடுவார், சாப்பாட்டுப் பக்கம் ஓடுவார், வீடியோக்காரருக்கு வழி விடுவார். தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ ஒருவருடைய கார் இன்னொருவருடைய காரை மறித்து நிற்கும். அதை எடுப்பிக்கப் போவார். தன் மகளின் கலியாணத்தில் ஒரு கதிரையில் சும்மா இருந்து அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பத்துப் பேர் என்றால் அது நடக்கும். மகளுக்கு ஓம் என்று சொல்ல அவரால் முடிந்தது, ஆனால் சனத்துக்கு இல்லை என்று சொல்ல ஒரு பலம் வேண்டியிருந்தது. அந்தப் பலத்தைத் தேடித்தான் பேரவைக்குப் போனார்.

செயலாளர் தில்லைநாதன் அவரை நேர்முகம் கண்டார்.

“உங்களிட்ட என்ன தனித்துவம் இருக்கு?”

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

“அதை ஏற்கெனவே மூண்டு பேர் எடுத்திட்டினம். வேற சொல்லுங்கோ.”

தவச்செல்வன் யோசித்தார். சோற்றுக்கு மேலே தயிரைப் போடாமல் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவேன் என்றார். தில்லைநாதன் அதை ஏற்றுக்கொண்டு, இனிமேல் வேறு விதமாகச் சாப்பிடக்கூடாது என்று எச்சரித்து, ஒரு ரீசேர்ட்டைக் கொடுத்தார்.

அந்தக் கோடையில் பேரவை ‘தனிமை நாள்’ கொண்டாடியது. ஊருக்கு வெளியே காட்டுக்குள், கிராமசபை வாடகைக்கு விடுகிற மரக்குடிலை எடுத்தார்கள். மூன்று பஸ்ஸில் சனம் வந்து இறங்கியது. ஒலிபெருக்கி, றோல்ஸ், பற்றிஸ், ஐந்து பானைகளில் கொத்துரொட்டி என்று எல்லாம் வந்து சேர்ந்தன. ஆளுக்கொரு மரம் ஒதுக்கி, மரத்தில் இலக்கம் ஒட்டியிருந்தார்கள். குலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இப்ப எல்லாரும் தனிய இருக்கப் போறம்! நான் விசில் அடிச்ச உடன தனிமை தொடங்கும். ஆராவது தனிய இல்லாட்டில் கையைத் தூக்குங்கோ, தொண்டர்கள் வந்து தனிமைப்படுத்துவினம்.”

விசில் அடித்தது. தவச்செல்வன் தனக்குக் கிடைத்த ஊசியிலை மரத்தடியில் நின்றார். அடுத்த மரத்தடியில் நின்றவர் தன்னுடைய தனிமையை நேரலையாக முகநூலில் போட்டுக்கொண்டிருந்தார். மேலே எங்கோ மாட்டு மணி கேட்டது. மறுபடியும் விசில் அடித்ததும் எல்லாரும் வரிசையில் போய், அகக்குரல் என்ன சொன்னது என்று நிர்வாகக் குழுவுக்கு முன்னால் சொல்லவேண்டும். ஒருவருடைய அகக்குரல் வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தது. அது உண்மையான அகக்குரல் அல்ல என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்து, அவரைத் திருப்பி மரத்தடிக்கு அனுப்பியது. ஒரு பெண்மணிக்குத் தலைவரின் சேவையைப் பாராட்டும்படி குரல் சொன்னதாம். அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

தவச்செல்வனுடைய முறை வந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது.

“பிள்ளையின்ர கலியாணத்தைப் பத்துப் பேரோட செய்துபோட்டு, ஒரு கதிரையில இருந்து பிள்ளையைப் பாக்கவேணும் எண்டு சொல்லிச்சுது.”

குலேந்திரனுடைய கண் கலங்கியது. எழுந்து வந்து தவச்செல்வனைக் கட்டிப் பிடித்தார்.

“அண்ணை! இதைத்தான் நான் தேடித் திரிஞ்சனான். இது இனி உங்கட வீட்டுக் கலியாணம் இல்லை. இது பேரவையின்ர கலியாணம்!”

தவச்செல்வன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

கலியாணத்துக்கென்று விசேட பொதுக்கூட்டம் கூடியது. தலைவர் உரையாற்றினார். “ஊரோட ஒத்து ஓடுற சனத்துக்கு இந்தக் கலியாணம் ஒரு பாடம். இனிமேல் எங்கட அங்கத்தவர் எல்லாரும் இதே மாதிரித்தான் கலியாணம் செய்யவேணும். மாறிச் செய்யிற ஆக்கள் தனித்துவத்துக்குத் துரோகம் செய்யினம் எண்டுதான் நாங்கள் பாப்பம். மாற்றுக் கருத்து உள்ள ஆக்கள் எழுத்தில தரலாம். அதை நிராகரிக்கிறதுக்கு ஒரு உபகுழு போட்டிருக்கிறம்.”

அடுத்ததாகத் தில்லைநாதன் எழுந்து ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். சனத்தைக் கூப்பிடாமல் விடுவது சரி. ஆனால் சொல்லாமல் விட்டால் குறை வரும். “முறை எண்டு ஒண்டு இருக்கு. கலியாணத்துக்கு வாங்கோ எண்டு வீடு வீடாய்ப் போய்ச் சொல்லுறம். அப்ப வரவேண்டாம் எண்டதையும் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னால்தானே மரியாதை?”

இது நியாயமாக எல்லாருக்கும் பட்டது. போகும்போது வெறுங்கையோடு போக முடியாது என்பதால் ஒரு மடல் அடிப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ‘அழையாமை மடல்’ என்று பெயர். மேலே பிள்ளையார் படம். கீழே பொன் எழுத்து. ‘எங்கள் ஏக புத்திரியின் திருமணத்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தராது எங்களைச் சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ நாளும் நேரமும் இடமும் தெளிவாகப் போடப்பட்டன.

“அதுகள் எதுக்கு?” என்று தவச்செல்வன் மெல்லக் கேட்டார்.

“எங்க, எப்ப வரக்கூடாது எண்டு தெரியாமல் சனம் எப்பிடி வராமல் இருக்கும் அண்ணை?” என்றார் தில்லைநாதன்.

சனி, ஞாயிறுகளில் தவச்செல்வனும் பரமேஸ்வரியும் தில்லைநாதனும் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, மடல் எல்லாம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். முதல் வீடு எம்மன்புறூக்கில் இருந்த யோகாம்பாள் அன்ரி வீடு. பரமேஸ்வரிக்குத் தூரத்துச் சொந்தம். அன்ரி இரண்டு கையாலும் மடலை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“தவம், இந்தக் காலத்தில ஆர் மோனை இப்பிடி வீடு தேடி வந்து வரவேண்டாம் எண்டு சொல்லுகினம்? வாங்கோ எண்டுறதையே வட்ஸ்அப்பில போட்டிட்டு இருக்கினம். நீ பெரிய மனுசனடா.”

“அப்ப நீங்கள் வரமாட்டியள்தானே அன்ரி?”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? இவ்வளவு மரியாதை செய்திருக்கிறாய். நான் வராமல் இருப்பனோ? பேரப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடந்தது. தேத்தண்ணியும் பலகாரமும் தந்து, இவ்வளவு தூரம் வந்து சொல்லியிருக்கிறீர்கள், நாங்கள் எப்படி வராமல் இருப்பது என்று கேட்டார்கள். இன்னொரு பக்கத்தால் மடல் கிடைக்காதவர்களின் தொலைபேசி வரத் தொடங்கியது. “எங்களுக்கு வரவேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு மனம் வரேல்லையோ? நாங்கள் அவ்வளவு பிறத்தியோ?” என்று சூரிச்சிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். லோசானில் சாயிசனின் பெற்றோருக்கும் இதே தொல்லை. பெண் வீட்டார் முறையாகச் சொல்லுகிறார்கள், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அங்கே ஒரு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஆகவே மடல் இரண்டாம் முறையும் அச்சடிக்கப்பட்டது.

கடைசியில் வராமல் இருக்கவேண்டியவர்கள் அறுநூறு பேருக்கு மேல் வருவதாக உறுதியாயிற்று. பதிவு அலுவலகத்தின் கலியாண அறையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள்கூட இருக்க முடியாது. பேரவை மறுபடி கூடியது. வருகிறவர்களைத் தெருவில் விடக்கூடாது, அவர்கள் கௌரவமாகக் கலந்துகொள்ளாமல் இருப்பதற்கு ஒரு மண்டபம் எடுக்கவேண்டும் என்று குலேந்திரன் சொன்னார். பிலாட்டுஸ் வீதிக்குப் பின்னால் ஒரு பெரிய மண்டபம் எடுக்கப்பட்டது. நிகழ்வுக்குக் ‘கலந்துகொள்ளாமைப் பெருவிழா’ என்று பெயர் வைத்தார்கள். கலியாணத்தன்று காலை தவச்செல்வன் அங்கே வந்து, ‘நான் ஏன் ஒருவரையும் அழைக்கவில்லை’ என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றவேண்டும்.

சிவானுஜாவுக்கு இந்தச் செய்தி அவளுடைய சிநேகிதி அனுப்பிய விளம்பரப் படத்தில்தான் தெரிந்தது. அதில் அப்பாவின் படம் பெரிதாகவும், அவளுடையதும் சாயிசனுடையதும் கீழே ஓரத்தில் சின்னதாகவும் இருந்தன. பாடசாலை விட்டதும் நேரே ஹோட்டலின் பின்வாசலுக்கு வந்தாள். தவச்செல்வன் இடைவேளைக்கு வெளியே வந்து, காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று அவர் பயந்தார். அவள் போடவில்லை.

“அப்பா, அந்த அமெரிக்க ஆக்கள் எழுதினதை நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான். அதில ஒரு இடத்திலயும் தலைவர், செயலாளர் எண்டு வாறதேயில்லை. உனக்குச் சரியெண்டு பட்டதை நீ தனிய நிண்டு செய் எண்டுதான் இருக்கு.”

“உண்மைதான் பிள்ளை. ஆனால் இவ்வளவு சனமும்…”

“சனம் எங்கயாவது இருக்கட்டும். எனக்கு ஒண்டும் வேண்டாம். பதினொரு மணிக்கு நான் கையெழுத்து வைக்கேக்க நீங்கள் பக்கத்தில இருக்கவேணும். அவ்வளவுதான் கேக்கிறன்.”

“கட்டாயம் இருப்பன்.”

“மண்டபத்துக்குப் போனால் வரமாட்டியள்.”

“விளக்கைக் கொளுத்தி ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு ஓடி வந்திடுவன். பத்து நிமிசம். போகாட்டில் குறை நினைப்பினம்.”

அப்பாவோடு சிவானுஜாவுக்குக் கோபம் வருவதில்லை, அதுதான் அவளுடைய கஷ்டம். எழுந்து பெட்டியை இருந்த இடத்தில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கலியாண நாள் வெள்ளிக்கிழமை. தவச்செல்வன் ஒன்பது மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டார். வெள்ளனப் போனால் வெள்ளன வரலாம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் வேலை நாளிலும் லீவு போட்டுவிட்டு அறுநூறு பேர் வந்திருந்தார்கள். காஞ்சிபுரச் சேலைகளுக்கு மேல் சாம்பல் நிற ரீசேர்ட் போட்டிருந்தார்கள். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். பின்பக்கத்தில் கலந்துகொள்ளாதவர்களுக்கான மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது.

விளக்கில் ஐந்து முகம் இருந்தது. அதைக் கொளுத்த ஒன்பது பிரமுகர்கள் வந்திருந்தார்கள். யார் எந்த முகம் என்பதைப் பேசித் தீர்க்க நேரம் போயிற்று. பிறகு எல்லாரும் எழுந்து நின்று அகவணக்கம். பிறகு பேரவைக் கீதம். பிறகு வரவேற்பு நடனம். வரவேற்புரையில் தில்லைநாதன் வந்திருந்த பிரமுகர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வராமல் இருந்ததற்கு நன்றி சொன்னார். தவச்செல்வன் மேடையில் இருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் உரை தொடங்கியபோது பத்து மணி தாண்டிவிட்டது.

“அன்பார்ந்த தனித்தவர்களே!” என்றார் குலேந்திரன். “ஒரு காலத்தில எங்கட சனம் மற்ற ஆக்களைப் பாத்துப் பாத்து வாழ்ந்தது. இண்டைக்கு அந்த நிலைமை இல்லை. இண்டைக்கு எல்லாரும் எங்களைப் பாத்து வாழுகினம்! இந்த மண்டபத்தில இருக்கிற அறுநூறு பேரும் ஒரே மாதிரிச் சிந்திக்கினம். என்னெண்டு? நாங்கள் ஆரும் ஒரே மாதிரி இல்லை எண்டு! கை தட்டுங்கோ.”

தட்டினார்கள்.

“எனக்குத் தலைவர் பதவியில ஆசை இல்லை. ஆனால் ஒருத்தரும் தலைமை தாங்காட்டில் சனம் தன்ர பாட்டில சிந்திக்கத் தொடங்கிவிடும். அந்த ஆபத்தை நினைச்சுத்தான் நான் ஆயுட்காலத் தலைவராய் இருக்கச் சம்மதிச்சனான்.”

இதற்கும் தட்டினார்கள். தலைவர் காட்டைப் பற்றியும் அகக்குரலைப் பற்றியும், தன்னைப் பற்றியும் மேலும் பேசி முடித்தபோது பத்தரை ஆகியிருந்தது. அதன் பிறகு தவச்செல்வனுக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றார். “நான் ஏன் ஒருத்தரையும் அழைக்கேல்லை எண்டால்…”

அறுநூறு முகங்கள் அவரைப் பார்த்தன. நல்ல சனங்கள். எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். இவர்களுக்காகத்தான் பிள்ளை அங்கே அப்பா இல்லாமல் நிற்கிறாள் என்று நினைத்தார். தன்மேலேயே அவருக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர் ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்தார். பொன்னாடையைக் கழற்றி அதன்மேல் வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, நடுவழியால் நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மண்டபம் அதிர்ந்துபோனது. பேரவையின் வரலாற்றில் நிகழ்ச்சி நிரலை மீறி எவரும் நடந்ததில்லை. குலேந்திரனும் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

“பாத்தியளோ! தவம் அண்ணைக்கு அகக்குரல் கேட்டிட்டுது! ஒருத்தரையும் பாராமல், தன்ர பாட்டில போறார். இவரல்லோ மனுசன்! சபையோரே, எல்லாரும் எழும்புங்கோ. அவருக்குப் பின்னால நடவுங்கோ!”

தவச்செல்வன் பிலாட்டுஸ் வீதியில் ஏறியபோது பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். வீதியின் ஒரு பக்க நடைபாதை முழுக்கச் சனம் வந்துகொண்டிருந்தது. குலேந்திரன் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியோடு முன்னால் வந்தார். தவச்செல்வன் நடையைக் கூட்டினார். அவர்களும் கூட்டினார்கள். ஓடிப் பார்த்தார். அறுநூறு பேரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பஸ்கள் நின்றன. ஒரு பொலிஸ்காரர் வந்து, இந்த ஊர்வலத்துக்கு அனுமதி எடுத்திருக்கிறீர்களா என்று தில்லைநாதனிடம் கேட்டார். இது ஊர்வலம் இல்லை, நாங்கள் எல்லாரும் தனித்தனியாக நடக்கிறோம் என்று தில்லைநாதன் ஜேர்மனில் விளக்கம் சொன்னார்.

தவச்செல்வன் நின்று கை எடுத்துக் கும்பிட்டார். “உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். எனக்குப் பின்னால வராதேங்கோ.”

“கேட்டியளோ?” என்று குலேந்திரன் ஒலிபெருக்கியில் முழங்கினார். “தன்னைப் பின்பற்றவேண்டாம் எண்டு சொல்லுறார்! இப்பிடிச் சொல்லுறவரை விட்டால் வேற ஆரைப் பின்பற்றுறது?”

சனம் ஆரவாரித்தது.

ரயில் நிலையத்தைக் கடந்ததும் பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி, சின்னச் சந்து ஒன்றால் நடந்தால் பதிவு அலுவலகம். ஐந்து நிமிட நடை. பதினொரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. தவச்செல்வன் பாலத்தில் கால் வைத்தபோது தொலைபேசி அடித்தது.

“அப்பா, எங்க நிக்கிறியள்?” சிவானுஜாவின் குரல். “எல்லாரும் வந்திட்டினம். இன்னும் கொஞ்சத்தில உள்ளுக்குக் கூப்பிடுவினம். உங்களுக்குக் கதிரை பிடிச்சு வைச்சிருக்கிறன்.”

“பாலத்தடியில பிள்ளை.”

“அப்ப கிட்டத்தானே! ஓடி வாங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் யோகாம்பாள் அன்ரி மூச்சு வாங்க நின்றார். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிறம் ரயில் நிலையம் வரைக்கும் நீண்டு கிடந்தது. யாரோ பேரவைக் கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

“அது என்னப்பா சத்தம்?”

“பிள்ளை, நான் வந்தால் இவையளும் வருவினம்.”

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“நீ உள்ளுக்குப் போ. கதவைச் சாத்தச் சொல்லு. நான் இவையளை மற்றப் பக்கத்தால கொண்டுபோறன்.”

“அப்பா, வேண்டாம். வாங்கோ. அவையள் வந்தால் வரட்டும்.”

“நீ பத்துப் பேர் எண்டனி. இப்ப ஒன்பது பேர். பரவாயில்லை, நல்லாயிருக்கும்.” அவருடைய குரல் உடைந்தது. செருமிச் சரிப்படுத்திக்கொண்டார். “என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறாய்?”

“நீலம்,” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. “அம்மாவின்ர பழைய சீலை. கரையில சின்னச் சரிகை.”

“எனக்குத் தெரியும் அது. உனக்கு வடிவாயிருக்கும். போ பிள்ளை, போ. கூப்பிடப் போகினம்.”

தொலைபேசியை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டார். பிறகு பாலத்திலிருந்து காலை எடுத்து, வலது பக்கம் திரும்பி, கப்பல்துறை ஓரமாக நடக்கத் தொடங்கினார். இந்த முறை ஓடவில்லை. எல்லாரும் வந்து சேரட்டும் என்று மெதுவாக நடந்தார். இடையிடையே திரும்பி, ஒருவரும் பாலத்துப் பக்கம் பிரிந்து போகவில்லை என்று பார்த்துக்கொண்டார். கடைசி ஆள் திரும்பும்வரைக்கும் ஒரு மரத்தடியில் நின்றும் பார்த்தார்.

குலேந்திரன் ஓடி வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார். ஏரிக்கரையும் மரங்களும் அவருக்கு உற்சாகத்தைக் கொடுத்திருந்தன. “காட்டை நோக்கித்தானே போறம் அண்ணை?” என்று கேட்டவர், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். “ஏன் அழுறியள்?”

“என்ர பிள்ளைக்கு இப்ப கலியாணம் நடக்குது.”

“ஓ! இண்டைக்கல்லோ!” குலேந்திரனுக்கு அது மறந்தே போயிருந்தது. “எங்க நடக்குது?”

தவச்செல்வன் பாலத்துப் பக்கம் பார்க்கவில்லை. கையை நீட்டி, ஏரிக்கு அப்பால் தூரத்தில் நீலமாகத் தெரிந்த றிகி மலையைக் காட்டினார்.

“அங்க.”

அறுநூறு பேரும் மலையைப் பார்த்தார்கள். பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள். குலேந்திரன் ஒலிபெருக்கியை மறுபடி உயர்த்தி, எல்லாரும் அவரவர் வழியில் வரிசையாக வரும்படி கட்டளையிட்டார்.

“அவ்வளவு தூரமோ தவம்?” என்று யோகாம்பாள் அன்ரி கேட்டார்.

“ஓம் அன்ரி, தூரம்தான். வாங்கோ,” என்று சொல்லி, தவச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.